ஆன்டிபாடி எந்த மடையில் போகிறது? செல் வளர்ப்பில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கீழ்பவானி வாய்க்காலின் கடைமடையில் எங்கள் தாத்தாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. தண்ணீர் வந்து சேராத நாளில் அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேல்நோக்கி நடப்பார். எந்த மடையில் தண்ணீர் திரும்பிவிடுகிறது, எங்கே கரை அரித்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஒரு வெட்டு வெட்டுவார். கோவையில் ஓர் ஆய்வகத்தில் 14 ஆண்டுகளாகப் பாலூட்டிச் செல்களில் ஆன்டிபாடி தயாரித்துவருகிறேன். விளைச்சல் போய்விட்டது என்று யார் வந்து நின்றாலும் முதலில் கரையோடு நடக்கத்தான் சொல்கிறேன். செல்லின் நலம், டிஎன்ஏ உள்ளே போவது, புரதம் உருவாவது, அது வெளியே சுரப்பது, சுத்திகரிப்பு என்று மடைகள் ஐந்து. எதில் கசிகிறது என்று தெரியாமல் மீடியம் என்ற ஊட்டக் கரைசல், மரபணுவைச் சுமந்து செல்லும் பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏ, வெப்பநிலை மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றுகிறவருக்கு அடுத்த முறை விளைச்சல் கூடினாலும் காரணம் தெரியப்போவதில்லை.

நடப்பதற்குக் கையில் மாதிரிகள் வேண்டும். டிஎன்ஏ செலுத்திய நாள் தொடங்கி 1, 3, 5, 7 ஆகிய நாட்களில் ஒவ்வொரு ஃபிளாஸ்க்கிலிருந்தும் 1 மி.லி. எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே நிற்கும் தெளிநீரையும் அடியில் படியும் செல் வண்டலையும் தனித்தனியாக உறைய வையுங்கள். சுத்திகரிப்பிலும் அப்படியே: ரெசின் மணிகள் நிரப்பிய குழாயில் ஏற்றியது, ஏறாமல் வழிந்தது, கழுவிய நீர், இறக்கிய புரதம், கடைசியில் ஒரு சிட்டிகை ரெசின். இவற்றோடு துணைக்கு இரண்டு ஃபிளாஸ்க்குகள் ஓட வேண்டும். ஒன்றில் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தின் பிளாஸ்மிட். இன்னொன்றில், நன்றாக விளையும் என்று ஏற்கெனவே தெரிந்த ஓர் ஆன்டிபாடி. நாங்கள் டிராஸ்டுசுமாப் வைத்திருக்கிறோம். மீடியம் விலையைப் பார்த்து இந்த இரண்டையும் விட்டுவிடுகிறவர்கள், பின்னால் மூன்று மாதம் காரணம் தேடி அதைவிட அதிகம் செலவழிப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கீழே உள்ளவை பெரும்பாலும் மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த ஹெச்இகே 293 செல்களில், டிஎன்ஏவை உள்ளே கொண்டுபோகும் பாலிஎத்திலீனிமைன் கொண்டு செய்யும் தற்காலிக உற்பத்திக்கானவை. அதைச் சுருக்கமாகப் பிஇஐ என்றே எழுதுகிறேன். சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வந்த சிஹெச்ஓ செல்லுக்கு வழி மாறும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

செல் பெருகவில்லை, அல்லது உயிர்த்தன்மை (உயிருள்ள செல்லின் பங்கு) 95 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கிறது

முதலில் எண்ணிக்கையைச் சந்தேகியுங்கள். இறந்த செல்லுக்கு நீலம் ஏற்றும் டிரிப்பன் புளூ சாயம் கலந்த செல்லை ஐந்து நிமிடத்துக்கு மேல் கண்ணாடியில் விட்டால் உயிருள்ள செல்லும் நீலம் குடிக்கும். ஒரே மாதிரியை இரண்டு முறை கலந்து எண்ணுங்கள். இரண்டுக்கும் இடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் பிழை செல்லில் இல்லை, பிப்பெட் பிடித்த கையில் இருக்கிறது. ஃபிளாஸ்க்கை நன்றாகச் சுழற்றாமல் மேலாக உறிஞ்சி எடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

எண்ணிக்கை சரிதான் என்றால் அடுத்து மின்சாரத்தைப் பாருங்கள். நம் ஊர்ப் பக்கம் சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழைக்குப் பிறகு இதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். அப்படி ஒரு காலையில் இன்குபேட்டர் அறைக்குள் நுழைந்தபோது வழக்கமான உறுமல் சத்தம் இல்லை. திரையில் 37 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு 8 விழுக்காடு, எல்லாம் ஒழுங்காக இருந்தன. கதவைத் திறந்தால் ஷேக்கர் தட்டின் மேல் ஆறு ஃபிளாஸ்க்குகளும் அசையாமல் நின்றன. மேலே மீடியம் கண்ணாடிபோலத் தெளிந்திருக்க, அடியில் ஆடை கட்டிய தயிர்போல ஒரு வெள்ளைப் படிவு. மெல்லச் சுழற்றியதும் அது பொடியாகக் கலையாமல் செதில் செதிலாக எழுந்தது. உயிர்த்தன்மை 71 விழுக்காடு. இரவில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுத்துக்கொண்ட அந்த இடைவெளியில் எல்லாம் ஒருமுறை அணைந்து எழுந்திருக்கின்றன. வெப்பம் தானாகத் திரும்பியது, ஷேக்கர் மட்டும் யாராவது பொத்தானை அழுத்தட்டும் என்று காத்திருந்தது.

அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் ஷேக்கருக்குத் தனி யுபிஎஸ் இருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் தானாகச் சுழலும் அமைப்பு உங்கள் கருவியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பல கருவிகளில் அது இருக்கும், யாரும் இயக்கியிருக்க மாட்டார்கள். அப்படிப் படிந்துபோன செல்லில் அன்றே டிஎன்ஏ செலுத்த வேண்டாம். ஃபிளாஸ்க்கை இரண்டு மூன்று நிமிடம் சாய்த்து வைத்தால் பெரிய செதில்கள் அடியில் இறங்கும். மேலே மிதக்கும் தனிச் செல்களை மட்டும் எடுத்துப் புதிய மீடியத்தில் இரண்டு முறை பெருக்கிய பிறகு முடிவு செய்யுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு அளவையும் திரையில் தெரியும் எண்ணை நம்பி விட்டுவிடக் கூடாது. வெப்பக் கடத்துத்திறனை வைத்து அளக்கும் பழைய வகை உணரிகள் ஈரப்பதம் மாறினால் தவறாகக் காட்டும். நீர்த் தட்டு வற்றிப்போன இன்குபேட்டரில் 8 என்று தெரிவது 8 அல்ல. ஈரோடு, கரூர் பக்கத்து வெயிலில் தட்டு வெகு சீக்கிரம் வற்றுகிறது. அதற்கு ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர். சிறுவாணி நீருக்கு ஊரெல்லாம் நல்ல பெயர்தான், குடிப்பதற்கு. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உப்புப் பூத்துவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் செல் சோம்பிக் கிடந்தால் மைக்கோபிளாஸ்மா. எனக்குக் கவலை தரும் எதிரி இதுதான். மீடியம் கலங்காது, நிறம் மாறாது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. 0.22 மைக்ரான் வடிகட்டிக்குள் புகுந்து வெளியே வந்துவிடும். செல்சுவரே இல்லாத உயிரி என்பதால் பெனிசிலினால் ஒன்றும் ஆகாது. செல் சாகாமல் மெதுவாகப் பெருகும், விளைச்சல் மட்டும் குறைந்துகொண்டே போகும். மாதம் ஒருமுறை பிசிஆர் சோதனை செய்யுங்கள். இருக்கிறது என்று உறுதியானால் அந்தச் செல்லை ஆட்டோகிளேவில் போட்டுவிட்டு, சோதித்து உறைவித்த வேறு குப்பியிலிருந்து தொடங்குங்கள். மருந்து போட்டு மீட்கலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். உலகில் வேறெங்கும் கிடைக்காத செல் வரிசை என்றால் ஒழிய அந்த வழியில் இறங்காதீர்கள்; பக்கத்து ஃபிளாஸ்க்குகளுக்கும் சேர்த்து ஆபத்து.

மீடியம் கலங்குகிறது, அல்லது நூல்நூலாக ஏதோ மிதக்கிறது

பாக்டீரியா அல்லது பூஞ்சை. காப்பாற்ற முயலாமல் எறிந்துவிடுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தக் காற்று கோவைக்குள் வீசும் மாதங்களில் பூஞ்சை வித்துக்கும் பஞ்சுத் தூசிக்கும் தடை ஏது? ஜன்னல் ஏசியின் வடிகட்டியை ஆனி மாதத்திலேயே கழுவுங்கள். அறைக் கதவும் இன்குபேட்டர் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது.

செல்கள் கட்டிகட்டியாகச் சேர்கின்றன

இறந்த செல்லிலிருந்து வெளிவரும் டிஎன்ஏ பசைபோல மற்ற செல்களை ஒட்டுகிறது. ஆகவே கட்டி என்பது நேற்றோ முந்தாநாளோ நடந்த சாவின் அடையாளம். மி.லி.க்கு 30 லட்சம் செல்லைத் தாண்டும்வரை புதிய மீடியத்துக்குப் பிரிக்காமல் விட்டிருக்கலாம். வேகம் போதாமல் இருக்கலாம். 125 மி.லி. ஃபிளாஸ்க்கில் 30 மி.லி. மீடியம், நிமிடத்துக்கு 120 முதல் 125 சுற்று என்பது நாங்கள் ஓட்டும் அளவு. தட்டின் சுழல் விட்டம் வேறு என்றால் இந்த எண்ணும் மாறும், அதனால் இன்னொருவருடைய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கட்டியைத் தடுக்கும் சேர்மானம் ஒன்று கடையில் கிடைக்கிறது. அதை ஊற்றுவதற்கு முன் அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள்.

செல் நன்றாக இருக்கிறது, ஆனால் ஜிஎஃப்பிகூட மின்னவில்லை

இது இரண்டாவது மடை. 48 மணி நேரத்தில் நுண்ணோக்கியில் பாதிக்கு மேல் செல்கள் பச்சையாகத் தெரிய வேண்டும். பத்தில் ஒன்றுதான் தெரிகிறது என்றால் உங்கள் ஆன்டிபாடியைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை. டிஎன்ஏ உள்ளேயே போகவில்லை.

நேர்மின்னேற்றம் கொண்ட பிஇஐ, எதிர்மின்னேற்றம் கொண்ட டிஎன்ஏவைச் சுருட்டி நுண்துகளாக்கிச் செல்லிடம் ஒப்படைக்கிறது. நடுவில் வேறு எதிர்மின்னேற்றப் பொருள் இருந்தால் அது பிஇஐயைப் பிடித்துக்கொள்ளும். கட்டி தடுக்கும் சேர்மானங்களில் பலவற்றில் இருப்பது டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் போன்ற அத்தகைய பொருள்தான். ஹெப்பாரினும் இதையே செய்யும். பெருக்கும் நாட்களில் அது இருக்கலாம். டிஎன்ஏ செலுத்தும் முன் செல்லைச் சுழற்றி இறக்கி, அது இல்லாத புதிய மீடியத்தில் கலக்க வேண்டும். பழைய மீடியத்தில் செல் கழித்துவிட்ட பொருள்களும் இதே இடைஞ்சலைத் தருவதால், சேர்மானம் போடாதவர்களும் அன்று மீடியத்தை மாற்றுவது நல்லது.

பிஇஐ கரைசல் எப்போது தயாரித்தது என்று பாருங்கள். மி.லி.க்கு 1 மில்லிகிராம், பிஹெச் 7.0, 0.22 மைக்ரான் வடிகட்டல், சிறுசிறு பங்குகளாக உறைநிலை. ஒருமுறை உருகியதை 4 டிகிரியில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுங்கள், மறுபடி உறைய வைக்காதீர்கள். ஒவ்வொரு புதிய தயாரிப்புக்கும் டிஎன்ஏ, பிஇஐ விகிதத்தை 1:2, 1:3, 1:4 என்று ஜிஎஃப்பி வைத்துச் சோதியுங்கள். ஒரே ஒரு நாள் வேலை.

30 மி.லி. வளர்ப்புக்கு எங்கள் கணக்கு இது: மொத்த டிஎன்ஏ 30 மைக்ரோகிராம், பிஇஐ 90 மைக்ரோகிராம். இரண்டையும் தனித்தனியாக 1.5 மி.லி. வெறும் மீடியத்தில் கலந்து, பிறகு பிஇஐயை டிஎன்ஏவின் மேல் ஊற்றி, 10 முதல் 15 நிமிடம் வைத்திருந்து, ஃபிளாஸ்க்கைச் சுழற்றியபடியே சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறோம். அந்தப் பதினைந்து நிமிடம் நம் ஊரில் கவனிக்க வேண்டிய ஒன்று. செய்முறைத் தாள்களில் "அறை வெப்பநிலை" என்று இருக்கும்; எழுதியவர் மனத்தில் இருந்தது 22, 25 டிகிரி. மே மாதத்தில் ஏசி நின்றுபோன அறையில் அது 36. வெப்பத்தில் துகள்கள் வேகமாக ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். பெருத்த துகளைச் செல் ஏற்காது, செல்லுக்கு நஞ்சாகவும் ஆகும். நிழலில் வைத்தால் போதும் என்று நினைக்காமல் 25 டிகிரி நீர்த்தொட்டியில் வையுங்கள்.

இனி டிஎன்ஏ. கோபிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி மூன்று மாதமாக விளைச்சல் இல்லாமல் என்னிடம் வந்தார். "அக்கா, டிஎன்ஏ தாராளமாக இருக்கிறது. 260/280 விகிதம்கூட 2.0 வருகிறது" என்று குறிப்பேட்டைக் காட்டினார். எண்கள் அழகாகத்தான் இருந்தன. பிளாஸ்மிட்டை ஓர் அகரோஸ் ஜெல்லில் ஓட்டச் சொன்னேன். மேலே பிளாஸ்மிட்டின் பட்டை மெலிந்து ஒரு கோடாகத் தெரிந்தது. ஜெல்லின் அடியில், சாயக்கோட்டுக்கும் கீழே, தடித்த மேகம்போல ஒரு வெளிச்சம் பரவியிருந்தது. அது ஆர்என்ஏ. 260, 280 நானோமீட்டரில் எடுக்கும் புற ஊதா ஒளி அளவீடு டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் பிரித்துப் பார்க்காது, இரண்டையும் கூட்டிச் சொல்லிவிடும். விகிதம் 2.0-ஐ ஒட்டி வந்ததே ஆர்என்ஏ கலந்திருக்கலாம் என்பதற்கான குறிப்பு. 30 மைக்ரோகிராம் என்று அவர் போட்டதில் மிகச் சிறு பங்குதான் பிளாஸ்மிட். மீதி ஆர்என்ஏ, அதுவும் பிஇஐயைத் தின்றுகொண்டிருந்தது. பிரித்தெடுக்கும் பஃபரில் ஆர்என்ஏஸ் நொதி சேர்க்கப்படாமல் விட்டுப்போயிருந்தது. சேர்த்துப் புதிதாக எடுத்த பிளாஸ்மிட்டில் இரண்டாவது நாளே செல்கள் மின்னின.

ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு பிளாஸ்மிட் தயாரிப்பையும் ஒருமுறை ஜெல்லில் கண்ணால் பாருங்கள். எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சை நீக்கும் முறையில் எடுத்த டிஎன்ஏதான் செல்லுக்குள் போக வேண்டும்.

ஜிஎஃப்பி மின்னுகிறது, ஆன்டிபாடி மட்டும் இல்லை

இங்கேதான் உறைய வைத்த செல் வண்டல் கைகொடுக்கிறது. வண்டலை உடைத்து, தெளிநீரையும் பக்கத்தில் வைத்து, ஆன்டிபாடியின் கனச் சங்கிலிக்கு ஒன்று, அதோடு இணையும் இலகு சங்கிலிக்கு ஒன்று என, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டுங்கள்.

இதைப் படிக்க ஓர் அடிப்படை தெரிய வேண்டும். இலகு சங்கிலி தனியாகவே செல்லை விட்டு வெளியேறும். கனச் சங்கிலியால் அது முடியாது. அதன் சிஹெச்1 பகுதி, இலகு சங்கிலி வந்து சேரும்வரை முறுக்கேறாமல் தளர்ந்தே கிடக்கும். செல்லுக்குள் புரதம் மடியும் இடமான எண்டோபிளாச வலைப்பின்னலில் உள்ள பிப் என்ற காவல் புரதம் அதைப் பிடித்து நிறுத்திவைக்கும். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்காரருக்கு இதைச் சொல்வதானால், கனச் சங்கிலி தறியில் ஏறி நிற்கும் பாவு. ஊடை ஓடினால்தான் துணி இறங்கும்.

வண்டலில் கனச் சங்கிலி நிறைய இருந்து தெளிநீரில் எதுவும் இல்லை என்றால் ஊடை போதவில்லை என்று பொருள், அல்லது இரண்டும் இணைய மறுக்கின்றன. பிளாஸ்மிட் விகிதத்தைக் கனத்துக்கும் இலகுவுக்கும் 1:1, 1:2, 1:3 என்று மாற்றிப் பாருங்கள். நான் 2:3-இல் தொடங்குவது வழக்கம், அதாவது 30 மைக்ரோகிராமில் கனத்துக்கு 12, இலகுவுக்கு 18. தெளிநீரில் இலகு சங்கிலி மட்டும் மிதந்தால் கனச் சங்கிலியின் பிளாஸ்மிட்டில் குறை. எங்குமே எதுவும் இல்லை என்றால் இரண்டையும் தொடக்கம் முதல் முடிவு வரை வரிசைப்படுத்துங்கள். ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி மாறும் பகுதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்துகிறவர்கள் மாறாப் பகுதியோடு சேரும் இணைப்பில் ஓர் எழுத்து நழுவியதைத் தவறவிடுகிறார்கள். தொடக்கக் குறியான ஏடிஜிக்கு முன் ஜிசிசிஏசிசி இருக்கிறதா, சுரக்க வழிகாட்டும் சிக்னல் பெப்டைடு முழுதாக இருக்கிறதா, மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் சட்டகம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கோடான்களைத் திருத்தி எழுதிய மரபணுவில் ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் எதிர்பாராத இடம் முளைத்துவிடுவதும் உண்டு. புரதம் குட்டையாக வந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

எந்தச் சங்கிலி குற்றவாளி என்று பிரிக்க எளிய வழி, மாற்றிக் கட்டுவது. உங்கள் கனச் சங்கிலியோடு டிராஸ்டுசுமாபின் இலகு சங்கிலி, அதன் கனச் சங்கிலியோடு உங்கள் இலகு சங்கிலி. எந்த ஜோடி சுரக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். முன்பின் தெரியாத இரண்டு சங்கிலிகள் சில நேரம் இணையாமலே போகும். ஆகவே இரண்டு ஜோடியும் தோற்றால் அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

ஆன்டிபாடி தரும் செல்லையும் மைலோமா என்ற புற்றுச் செல்லையும் இணைத்த ஹைபிரிடோமாவிலிருந்து மரபணுவை எடுத்தவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் காட்டிய முறையில் உருவாகும் ஹைபிரிடோமாக்கள் பலவற்றில், இணைக்கப் பயன்படும் மைலோமா செல் தன் பங்குக்குச் செயல்படாத ஒரு கப்பா வகை இலகு சங்கிலியின் ஆர்என்ஏவைத் தாராளமாகத் தயாரிக்கும். எம்ஓபிசி 21 என்ற பழைய கட்டியிலிருந்து வந்த அந்த வரிசையில் சட்டகம் நழுவி இடையிலேயே நிறுத்தக் குறி வந்துவிடும். பிசிஆரில் அதுதான் முந்திக்கொண்டு பெருகும். பத்து நகல்களை வரிசைப்படுத்தினால் எட்டு அதுவாக இருக்கக்கூடும். ஏமாறாமல் மீதி இரண்டைப் பாருங்கள்.

ஆன்டிபாடி வருகிறது, ஆனால் மிகக் குறைவு

எதோடு ஒப்பிட்டுக் குறைவு என்கிறீர்கள்? நிறுவனங்களிடம் உள்ள, மரபணு நிரந்தரமாகப் பதிந்த நிலையான சிஹெச்ஓ வரிசைகள் ஊட்டம் சேர்த்து இரண்டு வாரம் ஓடி லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் தருகின்றன, அதற்கு மேலும் போகின்றன. பிஇஐ வைத்து ஹெச்இகேயில் ஒரு வாரம் ஓட்டுகிறவருக்கு லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் முதல் சில நூறு மில்லிகிராம் வரை கிடைப்பது நல்ல விளைச்சல். உங்கள் ஆன்டிபாடியைப் பக்கத்து ஃபிளாஸ்க்கில் ஓடும் டிராஸ்டுசுமாபோடு ஒப்பிடுங்கள். அதுவும் குறைந்திருந்தால் முறையில் குறை. அது நன்றாக வந்து உங்களுடையது மட்டும் குறைந்தால் அந்த வரிசையின் இயல்பு. சில மாறும் பகுதிகள் எவ்வளவு பாடுபட்டாலும் குறைவாகத்தான் விளையும். அப்போது ஃபிளாஸ்க் எண்ணிக்கையைக் கூட்டுவதே நேரான வழி.

முறையில் கூட்ட வழிகள் உண்டு. டிஎன்ஏ செலுத்தும் நாளுக்கு முந்தைய நாள் செல்லைப் பிரித்துவிட்டு, வேகமாகப் பெருகும் கட்டத்தில் செலுத்துங்கள். 24 மணி நேரம் கழித்து வால்ப்ரோயிக் அமிலம் 3.5 முதல் 4 மில்லிமோலார் சேர்த்துவிடுங்கள். டிஎன்ஏவை இறுக்கிச் சுருட்டும் ஹிஸ்டோன்களைத் தளர்த்தி மரபணுவைத் திறந்துவைக்கும். அதே நாளோ அடுத்த நாளோ கேசீன் பெப்டோன் 0.5 விழுக்காடு. எங்கள் கையில் இவை இரண்டும் சேர்ந்து தந்த பலனை மீடியம் மாற்றி நாங்கள் பெற்றதே இல்லை. ஆனால் இவற்றைத் தனித்தனி ஃபிளாஸ்க்கில் சோதித்த பிறகு சேர்த்துப் போடுங்கள், ஏனெனில் சில மீடியங்களில் வால்ப்ரோயிக் அமிலம் செல்லைச் சீக்கிரம் சாய்த்துவிடுகிறது.

சிஹெச்ஓ செல்லில் 32 டிகிரிக்கு இறக்குவது வேலை செய்கிறது. பெருக்கம் நின்று செல் நெடுநாள் உயிரோடு இருந்து சுரக்கும். அந்தச் செல்லில் லாக்டேட் ஏறிக்கொண்டே போய் இறங்காமல் நின்றால் மீடியத்தில் தாமிரம் போதுமா என்று பாருங்கள், தாமிரம் குறைந்தால் லாக்டேட்டைத் திரும்ப உண்ணும் திறன் போகிறது. குளுக்கோஸைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாதீர்கள். ஊட்டம் சேரச் சேர ஆஸ்மோலாலிட்டி என்ற கரைபொருள் செறிவு ஏறி, 400 மில்லிஆஸ்மோலைத் தாண்டும்போது செல் தளரும்.

எப்போது அறுவடை? ஏழாம் நாள் என்று எழுதியிருப்பதால் ஏழாம் நாள் எடுப்பது சரியல்ல. உயிர்த்தன்மை 70 விழுக்காட்டை நெருங்கும்போது எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கிடைக்கும் கொஞ்சத்துக்காக, செத்த செல்லிலிருந்து வரும், புரதத்தை அறுக்கும் புரோட்டியேஸ் நொதிகளை மொத்த விளைச்சலிலும் கலக்கவிடுகிறோம்.

தெளிநீரில் இருக்கிறது, சுத்திகரித்தால் காணவில்லை

வழிந்த நீரை அளந்து பாருங்கள். அதில் இருந்தால், ஆன்டிபாடியைப் பிடிப்பதற்காக ரெசினில் இருக்கும் புரோட்டீன் ஏ அதைப் பிடிக்கவில்லை. மனித ஆன்டிபாடி வகைகளில் ஐஜிஜி 1, 2, 4 நன்றாகப் பிடிபடும். ஐஜிஜி 3 பெரும்பாலும் பிடிபடாது, அதற்குப் புரோட்டீன் ஜி வேண்டும். எலியின் ஐஜிஜி 1 பலவீனமாகவே பிடிபடும், உப்பைக் கூட்டிப் பிஹெச்சை 8.5-க்கு மேல் வைத்தால் ஏறும். வளர்ப்பு முடியும்போது தெளிநீர் புளித்திருக்கும். ஏற்றும் முன் பிஹெச்சை 7.4-க்குக் கொண்டுவருவதை மறப்பவர்கள் அதிகம். வேகமாக ஓட்டினாலும் வழியும்.

வழிந்ததிலும் இல்லை, இறக்கியதிலும் இல்லை என்றால் அது ரெசினிலேயே உட்கார்ந்திருக்கிறது. எடுத்து வைத்த சிட்டிகை ரெசினை மாதிரி பஃபரில் கொதிக்க வைத்து ஓட்டினால் தெரிந்துவிடும். புரதத்தை இறக்கும் கிளைசின் கரைசலின் பிஹெச்சை 3.5-இலிருந்து 3.0-க்கு இறக்குங்கள். இறங்கும் ஒவ்வொரு குழாயிலும் அமிலத்தைத் தணிக்கும் டிரிஸ் பத்தில் ஒரு பங்கு முன்கூட்டியே இருக்க வேண்டும். அமிலத்தில் நின்ற ஒவ்வொரு நிமிடமும் திரள்களைக் கூட்டும்.

டிரிஸ் பட்டதும் வெண்மையாகத் திரிந்தால், உங்கள் ஆன்டிபாடியின் சமமின் புள்ளிக்கு (மின்னேற்றம் பூச்சியமாகும் பிஹெச்சுக்கு) அருகில் கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்கள். பல ஆன்டிபாடிகளுக்கு அது 7-க்கும் 9-க்கும் இடையில் இருக்கும். பிஹெச் 6 ஹிஸ்டிடின் பஃபருக்கோ 5.5 அசிட்டேட்டுக்கோ மாற்றிப் பாருங்கள். பாஸ்பேட் பஃபரில்தான் வைக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

அளவிடும்போது 280 நானோமீட்டரில் 1.4 வந்தால் மி.லி.க்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம். பூச்சியமாக்க வேண்டியது தண்ணீரை வைத்து அல்ல, அதே பஃபர் கலவையை வைத்து.

ஜெல்லில் வேண்டாத பட்டைகள்

ஒடுக்காமல், அதாவது டைசல்ஃபைடு கட்டுகளை அவிழ்க்காமல் ஓட்டினால் 150 கிலோடால்டன், ஒடுக்கினால் 50-உம் 25-உம். ஒடுக்காத ஜெல்லில் 125, 100, 75, 25 என்று படிக்கட்டுப்போல இறங்கினால் பயப்படும் முன் மாதிரியில் அயோடோஅசிட்டமைடு அல்லது என்-எத்தில்மாலிமைடு சேர்த்துச் சூடாக்கி மறுபடி ஓட்டுங்கள். பல நேரங்களில் மாதிரியைச் சூடாக்கியதே அந்தப் படிக்கட்டை உருவாக்கியிருக்கும். அப்படியும் மறையவில்லை என்றால் அறுவடையின்போது செத்த செல்லிலிருந்து வந்த தயோரெடாக்சின் நொதிகள் டைசல்ஃபைடு கட்டுகளை அவிழ்த்திருக்கின்றன. அறுவடை செய்ததைக் காற்று படாத பாத்திரத்தில் இரவு முழுவதும் வைக்காமல், குளிரவைத்து அன்றே தெளியவிடுங்கள். 75-இல் மட்டும் ஒரு பட்டை, அதுவும் ஐஜிஜி 4 என்றால் அது பாதி மூலக்கூறு. 228-ஆம் இடத்துச் செரினைப் புரோலினாக மாற்றிய வடிவம் அதைச் சரிசெய்கிறது.

நிலையான சிஹெச்ஓ வரிசையின் விளைச்சல் மாதத்துக்கு மாதம் தேய்கிறது

மரபணு உள்ள செல்லை மட்டும் பிழைக்கவிடும் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டையோ எம்எஸ்எக்ஸையோ நிறுத்திய பிறகு இது தொடங்கியிருந்தால், மரபணு நகல்களை இழந்த செல்கள் வேகமாகப் பெருகி மற்றவற்றை ஓரங்கட்டுகின்றன. அந்த மருந்தின் அழுத்தம் அப்படியே இருந்தும் தேய்ந்தால், மரபணுவை இயக்கும் சிஎம்வி புரமோட்டர் மெத்தில் குறியேறி அடங்கிவிட்டிருக்கலாம். இரண்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஃபிளாஸ்க்கில் மருந்து இல்லை. உறைந்த குப்பிக்குத் திரும்ப வேண்டும். அதற்கு அந்தக் குப்பி எத்தனையாவது தலைமுறை என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். ஃபிராங்க் கிரகாம் 1973-இல் செய்த 293-ஆவது சோதனையில் கிடைத்ததால்தான் ஹெச்இகே செல்லுக்கு அந்த எண் வந்தது. தன் ஒவ்வொரு சோதனைக்கும் அவர் எண் இட்டுவந்ததால் அது இன்றும் தெரிகிறது.

திரவ நைட்ரஜன் தொட்டியில் இருக்கும் குப்பிகளில் ஒன்றை இந்த வாரமே எடுத்து உருக்கிப் பாருங்கள், தேவை வரும் நாள்வரை காத்திருக்காமல். உயிர்த்தன்மை 90-க்குக் கீழே இருந்தாலோ, நான்கு நாளில் பெருகத் தொடங்காவிட்டாலோ, இப்போது கையில் நன்றாக ஓடும் செல்லில் இருபது குப்பிகளைத் தேதியோடும் தலைமுறை எண்ணோடும் உறைய வைத்து, பாதியை வேறொரு கட்டடத்தில் இருக்கும் தொட்டிக்கு அனுப்பிவிடுங்கள்.